பிழையின் மூலம்

புதுச்சேரி நகரின் கடைவீதிப் பகுதியில் ரங்கப்பிள்ளை வீதி என்றொரு வீதி உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கியது அவ்வீதி. 1709-ஆம் ஆண்டில் பிறந்து 1761-ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியார், டியூப்ளே என்பார் பிரெஞ்சு ஆளுநராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கினார். துபாஷி என்பது இரு மொழி அறிந்தவர் என்று பொருள்படும் சொல். ஆளுநர் பேசியது பிரெஞ்சு. நெசவாளரும் வணிகரும் பேசியது தமிழ். இருவர்க்கும் இடையே நின்று, ஒருவர் கருத்தை மற்றவர் மொழியில் மாற்றி உரைப்பது துபாஷியின் கடமை.

துபாஷிக்கு ஒரு சொல்லின் பொருள் விளங்கவில்லை எனின் அவர் செய்ய வேண்டுவது யாது? தமக்குத் தோன்றியதைக் கூறிவிடுதல் பெருந்தீங்கு. ஒரு சொல் பிழையாகச் சென்றால் விலை மாறும். விலை மாறினால் வணிகம் கெடும். ஆகவே நேர்மையுள்ள துபாஷி அவ்விடத்திலேயே நின்று, “இச்சொல் எனக்கு விளங்கவில்லை” என்று வெளிப்படையாகக் கூறுவார். அவ்வாறு கூறுவது அவருக்கு இழிவன்று. கேட்போர்க்கு அது பெரும் உதவியாகும்.

நம் காலத்தில் கணினிக்குள்ளும் ஒரு துபாஷி பணிபுரிகிறது. அதனை நிரல்பெயர்ப்பி என்பர். மனிதர் படித்து உணரத்தக்க மொழியில் எழுதப்படும் கட்டளைத் தொகுதிக்கு மூலநிரல் என்று பெயர். கணினியின் செயலியோ ஒன்று, சுழி ஆகிய இரண்டு குறிகளால் அமைந்த மொழியை மட்டுமே அறியும். மூலநிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பியின் தொழில். அமெரிக்க நாட்டுக் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1952-ஆம் ஆண்டில் இத்தகைய கருவியின் முன்னோடி ஒன்றை உருவாக்கினார். அந்நாளில், கணினி இத்தகைய பணியைச் செய்யக்கூடும் என்பதைப் பலர் நம்பவில்லை. இன்று உலகிலுள்ள மென்பொருள்களிற் பெரும்பாலானவை இவ்வகைக் கருவிகளின் துணையாலேயே இயங்குகின்றன.

நிரல் எழுதுவோர் மாந்தர். ஆகலின் நிரலில் பிழை நேர்தல் இயல்பு. நிரலில் நேரும் பிழையைத் தமிழில் வழு என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்குப் பூச்சியைக் குறிக்கும் சொல் வழங்குகிறது. பொறியாளர் வழக்கில் முன்னரே இருந்த அச்சொல்லுக்கு 1947-ஆம் ஆண்டில் வேடிக்கையான சான்று ஒன்று கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த பெருங்கணினி ஒன்று பழுதுற்றபோது, அதனை ஆராய்ந்தவர்கள் அதன் உறுப்பு ஒன்றினுள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்ததைக் கண்டனர். அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, கண்ட செய்தியையும் அருகே எழுதி வைத்தனர். பூச்சி சிறிது, ஆயினும் அவர்கள் செய்த செயல் பெரிது. பிழையைக் கண்ட இடத்தையும் கண்ட பொருளையும் எழுதி வைக்கும் பழக்கமே பிழை நீக்கும் கலையின் முதற்படியாகும்.

வழுவைக் கண்டுபிடிக்க உதவும் மென்பொருளுக்கு வழுநீக்கி என்று பெயர். பெயர் அவ்வாறிருப்பினும் அது தானே வழுவை நீக்குவதில்லை. நோயாளியின் நாடியைக் காட்டும் கருவி போன்றது அது. மருந்து தருபவர் நாமே. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நாம் குறிக்கும் வரியில் அது நிறுத்தும். அந்நிலையில் ஒவ்வொரு மாறியும் என்ன மதிப்பைப் பெற்றுள்ளது என்பதைக் காட்டும். அடுத்த வரிக்கு ஓரடி மட்டும் எடுத்து வைக்கச் செய்யும். எந்தச் செயற்கூறு எதனை அழைத்து இவ்விடம் வந்து சேர்ந்தது என்ற வரலாற்றையும் உரைக்கும்.

இவ்வகைக் கருவிகளுள் புகழ் பெற்றது ஜி.டி.பி. எனப்படும் குனு வழுநீக்கி. ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983-ஆம் ஆண்டில் குனு திட்டத்தை அறிவித்தார். 1986-ஆம் ஆண்டில் இவ்வழுநீக்கியை எழுதினார். இது கட்டற்ற மென்பொருள். அஃதாவது, இதனை யாரும் எப்பணிக்கும் பயன்படுத்தலாம். இதன் மூலநிரலைப் படித்துத் திருத்தலாம். படிகளைப் பிறர்க்கு வழங்கலாம். தாம் திருத்திய வடிவத்தையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளும் ஒருங்கே அமைந்திருத்தலால், உலகின் எம்மூலையிலுள்ள மாணவரும் இதன் உள்ளமைப்பைக் கண்டு கற்க வழி உண்டு.

ஆயத்தமாக உள்ள வழுநீக்கியைப் பயன்படுத்தாமல் மூலநிரலிலிருந்து நாமே ஏன் கட்ட வேண்டும் என்று சிலர் வினவலாம். பெரும்பாலும் ஆயத்தப் பொதியே போதும். எனினும் சில வேளைகளில் அது பழைய பதிப்பாக இருக்கும். சில வேளைகளில் நமக்கு வேண்டிய செயலியின் மொழியை அது அறியாதிருக்கும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2014-ஆம் ஆண்டில் சக்தி என்னும் செயலித் திட்டம் தொடங்கப் பெற்றது. அச்செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டமைப்பைச் சார்ந்தவை. நம் மேசைக் கணினிகளிற் பெரும்பாலானவையோ வேறு கட்டமைப்பைச் சார்ந்தவை. ஆகலின் மேசைக் கணினிக்கென அமைந்த வழுநீக்கி ரிஸ்க்-ஃபைவ் செயலியின் மொழியை அறியாமற் போகலாம். அந்நிலையில், வேண்டிய செயலியைக் குறிப்பிட்டு வழுநீக்கியை நாமே கட்டிக்கொள்ளலாம்.

இதனை விளக்க ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து கொள்வோம். புதுச்சேரிப் பள்ளி ஒன்றில் பயிலும் மாணவி ஒருத்தி, ரிஸ்க்-ஃபைவ் செயலி பொருத்திய சிறு பலகை ஒன்றைக் கொண்டு வெப்பமானி செய்கிறாள். கடற்கரைச் சாலையின் வெப்பநிலையைப் பலமுறை அளந்து, அளவுகளைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, சராசரியைக் காட்டுமாறு அவள் நிரல் எழுதியிருந்தாள். முதல் நாள் அது செம்மையாக இயங்கியது. மறுநாள் நண்பகலில் பலகை காட்டிய வெப்பநிலை, சுழிக்கும் கீழே ஒரு பாகை. வங்கக் கடலோரத்தில் சித்திரை மாத வெயிலில் பனி உறையும் குளிர் ஏது? தோழியர் நகைத்தனர். அவளோ நிரலைப் பலமுறை படித்தும் பிழை எதனையும் காணவில்லை. ஆகவே அப்பலகையின் செயலிக்குரிய வழுநீக்கியைக் கட்டத் துணிந்தாள். பள்ளியில் இருந்ததோ குனு லினக்ஸ் இயங்கும் பழைய கணினி ஒன்று.

கட்டும் முறையில் மூன்று நிலைகள் உண்டு. முதலாவது ‘கான்ஃபிகர்’ என்னும் ஆயத்த நிலை. வீடு கட்டும் கொத்தனார் அடித்தளம் தோண்டுமுன் செங்கல் உண்டா, சுண்ணாம்பு உண்டா, மணல் உண்டா என்று பார்ப்பது போல, கட்டுமானத்திற்கு வேண்டியவை கணினியில் உள்ளனவா என்று அது ஒவ்வொன்றாக ஆராயும். இரண்டாவது ‘மேக்’ என்னும் கட்டும் நிலை. இதில் மூலநிரற் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டு, இறுதியில் இணைப்பி என்னும் கருவியால் ஒன்றாகப் பிணைக்கப்படும். மூன்றாவது, முடிந்த பொருளை உரிய இடத்தில் நிறுவும் நிலை. மூலநிரல் உள்ள கோப்புறையிலேயே கட்டாமல், தனிக் கோப்புறை ஒன்றை அமைத்து அதனுட் கட்டுதல் நன்று. அவ்வாறு செய்தால் மூலம் மாசுபடாது. பிழை நேரின் கட்டிய கோப்புறையை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

மாணவி முதற் கட்டளையை இட்டாள். சில நொடிகளில் பணி நின்றது. ‘ஏற்கத்தக்க சி மொழி நிரல்பெயர்ப்பி காணப்படவில்லை’ என்னும் கருத்துடைய ஆங்கிலச் செய்தி திரையில் தோன்றியது. இது விளங்குதற்கு எளிது. துபாஷியே இல்லாத அவையில் பேச்சு நடவாது. நிரல்பெயர்ப்பிப் பொதியை நிறுவியதும் அக்குறை தீர்ந்தது. துபாஷி இருந்தும் அவர் பழைய வழக்கை மட்டுமே அறிந்தவராக இருப்பதும் உண்டு. குனு வழுநீக்கி சி பிளஸ் பிளஸ் என்னும் மொழியில் எழுதப்பட்டது. அதன் 8-ஆம் பதிப்பு, 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அம்மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரத்தை அறிந்த நிரல்பெயர்ப்பியை வேண்டியது. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த 15-ஆம் பதிப்போ 2017-ஆம் ஆண்டுத் தரத்தை வேண்டுகிறது. எனவே பழைய கணினியில் புதிய பதிப்பைக் கட்ட முயல்வோர், தம் நிரல்பெயர்ப்பியின் பதிப்பை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் கட்டளை இட்டாள். இம்முறை நெடுந்தூரம் சென்றபின் மற்றொரு செய்தி வந்தது. ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர். என்னும் இரண்டு நூலகங்கள் வேண்டும் என்பது அதன் கருத்து. நூலகம் என்பது இங்கே பலர்க்கும் பயன்படுமாறு முன்னரே எழுதி வைத்த செயற்கூறுகளின் தொகுதி. இவ்விரண்டும் மிகப் பெரிய எண்களையும் மிக நுண்ணிய பின்னங்களையும் கையாளும் கணித நூலகங்கள். அவள் வியப்புற்றாள், ஏனெனில் கணினியிலுள்ள பொதிகளின் பட்டியலில் அவ்விரண்டு பெயர்களும் இருந்தன. ‘இருப்பதை இல்லை என்கிறதே! கணினி பொய் உரைக்குமா?’ என்று எண்ணினாள்.

கணினி பொய் உரைக்கவில்லை. நூலகம் ஒன்றுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, முன்னரே கட்டிமுடித்த நிரல்கள் ஓடும்போது வேண்டப்படும் பகுதி. மற்றொன்று, புதிய நிரலைக் கட்டும்போது வேண்டப்படும் தலைப்புக் கோப்புகள். தலைப்புக் கோப்பு என்பது, நூலகத்தில் எச்செயற்கூறுகள் உள்ளன, அவற்றை எவ்வாறு அழைக்க வேண்டும் என்று கூறும் பொருளடக்கம் போன்றது. சமைத்த உணவை உண்பதற்குச் சமையற் குறிப்பு வேண்டுவதில்லை. தாமே சமைக்கப் புகுவோர்க்கு அது வேண்டும். பல குனு லினக்ஸ் தொகுப்புகளில் இவ்விரு பகுதிகளும் வெவ்வேறு பொதிகளாக வழங்கப்படுகின்றன. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் கட்டுவோர்க்கான பொதியின் பெயர் ‘டெவ்’ என்று முடியும். ஃபெடோராவில் ‘டெவெல்’ என்று முடியும். மூலநிரலிலிருந்து கட்டுவோர்க்கு நேரும் இடையூறுகளுள் மிகப் பல இவ்வொரு வேறுபாட்டை அறியாமையால் விளைவனவே. திரையை ஆளும் நூலகம் இல்லை என்று பின்னர் வந்த செய்திக்கும் காரணம் இதுவே. ‘என்கர்சஸ்’ என்னும் நூலகத்தின் கட்டுவோர் பொதியை நிறுவியதும் அது மறைந்தது.

எல்லாக் குறையும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் அவள் கண்டாள். பைத்தான், எக்ஸ்பாட் ஆகியவை இல்லாவிடினும் வழுநீக்கியைக் கட்டலாம். சில வசதிகள் மட்டும் குறையும். இல்லாதவை குறித்து வரும் எச்சரிக்கை வேறு. பணியை நிறுத்தும் பிழை வேறு. எச்சரிக்கையைக் கண்டு அஞ்சுதலும் ஆகாது. அதனை முற்றும் புறக்கணித்தலும் ஆகாது. வெளியீட்டுப் பதிப்பன்றி அன்றாடம் மாறும் வளர்ச்சிப் பதிப்பை எடுத்துக் கட்டுவோர்க்கு ஒரு செய்தி: அங்கே எச்சரிக்கைகளையும் பிழையாகக் கொண்டு பணியை நிறுத்தும் கண்டிப்பு உண்டு. புதிய நிரல்பெயர்ப்பி புதுவகை எச்சரிக்கை தருமாயின், குற்றமற்ற நிரலும் அங்கே நின்றுபோகும். அக்கண்டிப்பைத் தளர்த்தத் தனி விருப்பக் கட்டளை ஒன்று உள்ளது.

ஆயத்த நிலை முடிந்தது. மாலையாகிவிட்டமையால் கணினியை அணைத்துவிட்டு அவள் வீடு சென்றாள். மறுநாள் பள்ளியில் இணைய இணைப்பு இல்லை. வேண்டியவை எல்லாம் முன்னரே கணினியில் இருந்தமையால் அவள் கவலையின்றி ‘மேக்’ கட்டளையை இட்டாள். நூற்றுக்கணக்கான வரிகள் திரையில் ஓடின. பின்னர்ப் பணி நின்றது. கடைசி வரியில் ‘பிழை 2’ என்ற சொற்களே இருந்தன. ‘பிழை 2’ என்றால் என்ன என்று அவள் தன் ஏட்டில் பல பக்கங்களைப் புரட்டினாள். ஒன்றும் விளங்கவில்லை.

மாணவர்களே, இங்கேதான் இக்கலையின் உயிர்நிலை உள்ளது. கடைசி வரி பிழையின் மூலம் அன்று. அது பிழையின் எதிரொலி. உள்ளே ஒரு பணி தோற்றது. அதனை ஏவிய பணி தானும் தோற்றதாக அறிவித்தது. அதனை ஏவிய மற்றொன்றும் அவ்வாறே அறிவித்தது. ஊர்க்கோடியில் உடைந்த குழாயின் செய்தி, காவலர், மேற்பார்வையாளர், அலுவலர் என்று பலர் வாய் வழியாக வந்து, இறுதியில் ‘தண்ணீர் இல்லை’ என்ற இரண்டு சொற்களாக நம்மிடம் சேர்வது போன்றது இது. அவ்விரு சொற்களைக் கொண்டு குழாயைச் செப்பனிட இயலாது. செய்தி வந்த வழியே திரும்பிச் சென்று, முதன்முதல் எவ்விடத்தில் எது உடைந்தது என்று காண வேண்டும். ஆகவே திரையில் மேல்நோக்கிச் சென்று முதலாவது பிழைச் செய்தியைத் தேடுதல் வேண்டும். முதற் பிழை நீங்கினால் அதன் பின் வந்த பத்துப் பிழைகள் தாமே மறைவதும் உண்டு.

அவள் மேலே சென்று பார்த்தாள். ‘இப்பொழுது உண்டாக்கிய கோப்பு, வழங்கப்பட்ட கோப்புகளினும் பழையதாக உள்ளது; கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்’ என்னும் பொருள்படும் செய்தி அங்கே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். அது சில ஆண்டுகள் பின்னே காட்டியது! பழைய கணினியின் உள்ளே கடிகாரத்தை இயக்கும் சிறு மின்கலம் வலியிழந்திருந்தது. மின்சாரம் உள்ளவரை கடிகாரம் ஓடும், அணைத்தால் பின்னடையும். இணைய இணைப்பு இருந்த நாள்களில் கணினி நேரத்தைத் தானே திருத்திக்கொண்டமையால் அக்குறை வெளிப்படவில்லை. ‘நேற்று நன்றாக நடந்தது, இன்று நடக்கவில்லை எனின், இவ்விரு நாள்களுக்கும் இடையே மாறியது யாது?’ என்ற வினாவே இத்தகைய பிழைகளைத் தீர்க்கும் திறவுகோல்.

வழுநீக்கி கட்டுவதற்கும் கடிகாரத்திற்கும் என்ன தொடர்பு என்று ஐயம் எழலாம். ‘மேக்’ என்னும் கருவி காலத்தை வைத்தே முடிவு செய்கிறது. மூலக்கோப்பு தன்னிடமிருந்து விளைந்த கோப்பினும் புதியதாக இருந்தால், மூலம் திருத்தப்பட்டது என்று கொண்டு அதனை மீண்டும் பெயர்க்கும். இல்லையேல் அதனைத் தொடாது விடும். காலம் பிறழ்ந்தால் இம்முடிவுகளும் பிறழும். கோப்புகளை விரலியில் படியெடுத்துக் கொண்டுவரும்போது அவற்றின் நாள் மாறிவிடுவதாலும் இத்தகைய குழப்பம் நேரும். அந்நிலையில் பயனர் கையேடு பழமையாகிவிட்டதாக எண்ணி, அதனை மீண்டும் ஆக்குவதற்கு ‘மேக்-இன்ஃபோ’ என்னும் கருவியைத் தேடும். அக்கருவி இல்லையெனில் பணி நிற்கும். நிரலில் யாதொரு குற்றமும் இராது. கையேட்டை ஆக்கும் கருவி இல்லாமையே குற்றம். ‘டெக்ஸ்இன்ஃபோ’ பொதியை நிறுவினால் அக்குறை தீரும்.

கடிகாரத்தைத் திருத்திய பின், கட்டும் கோப்புறையைப் புதிதாக அமைத்து அவள் மீண்டும் தொடங்கினாள். பிறழ்ந்த காலத்தில் உண்டான கோப்புகளை வைத்துக்கொண்டு மேற்செல்வது, கோணிய சுவரின்மேல் செங்கல் அடுக்குவது போலாகும். விரைந்து முடிய வேண்டும் என்று நான்கு பணிகள் ஒரே வேளையில் நடக்குமாறு கட்டளை இட்டாள். சிறிது நேரத்தில், நிரல்பெயர்ப்பி கொல்லப்பட்டது என்ற செய்தி வந்தது. இச்சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பெரிய கோப்புகளைப் பெயர்க்க நினைவகம் மிகுதியாக வேண்டும். நான்கு பணிகளும் சேர்ந்து நினைவகம் முழுதையும் நிரப்பவே, கணினியைக் காக்கும் பொருட்டு இயக்க அமைப்பு ஒரு பணியை நிறுத்திவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு பணியே நடக்குமாறு செய்தவுடன் கட்டுமானம் மெல்ல முன்னேறியது. பல பணிகள் ஒருங்கே நடக்கையில் அவற்றின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்; பிழையைத் தேடும்போது ஒரு பணியை மட்டும் நடத்துவது அதனாலும் நன்று.

இவ்வளவு செய்திகளையும் அவள் எவ்வாறு நினைவில் வைத்தாள்? அவள் நினைவை நம்பவில்லை, ஏட்டை நம்பினாள். ஆயத்த நிலையில் கணினியே ‘கான்ஃபிக்.லாக்’ என்னும் கோப்பில் தான் செய்த ஒவ்வொரு சோதனையையும், அதற்குக் கிடைத்த விடையையும் எழுதி வைக்கிறது. திரையில் ‘இல்லை’ என்று ஒரே சொல்லாகத் தோன்றுவதற்குரிய முழுக் காரணமும் அக்கோப்பில் இருக்கும். அதனோடு அவளும் தன் ஏட்டில், இட்ட கட்டளை, வந்த முதற் பிழை, செய்த மாற்றம், விளைந்த பயன் ஆகிய நான்கையும் வரிசையாகக் குறித்து வந்தாள். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்தாள். மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்தால், குணம் தந்த மருந்து எது என்று அறிய இயலாதன்றோ?

தொடக்கத்தில் நாம் கண்ட ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு முதல் 1761-ஆம் ஆண்டு வரை நாட்குறிப்பு எழுதி வந்தார். துறைக்கு வந்த கப்பல்கள், வணிகம், போர்ச் செய்திகள், ஆளுநருடன் நிகழ்ந்த உரையாடல்கள் முதலியவை அதில் இடம்பெற்றன. பின்னாளில் எது பெரிதாகும், எது சிறிதாகும் என்று அறியாமலே, அன்றன்று நிகழ்ந்ததை அவர் எழுதினார். அதனாலன்றோ அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது! நிகழ்ச்சிகளின் காரணங்களைத் தேடும் வரலாற்று ஆசிரியர்க்கு அது இன்றும் சான்றாக நிற்கிறது. பிழையின் காரணத்தைத் தேடுவோர்க்கும் இத்தகைய குறிப்பே துணை.

பிறரிடம் உதவி கேட்கும்போதும் இக்குறிப்புப் பயன்படும். புதுச்சேரியிலும் அண்டையிலுள்ள விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் குழுக்களாகக் கூடிக் கற்றும் கற்பித்தும் வருகின்றனர். அத்தகையோரிடம் சென்று ‘எனக்கு வரவில்லை’ என்று மட்டும் கூறினால் அவர்கள் என்ன செய்வர்? எந்தப் பதிப்பு, எந்த இயக்க அமைப்பு, இட்ட கட்டளை யாது, முதலில் வந்த பிழைச் செய்தி யாது என்று கூறினால், அறிந்தவர் உடனே வழி காட்டுவர். பிழைச் செய்தியைத் தம் சொற்களில் மாற்றாமல் உள்ளவாறே காட்டுதல் இன்றியமையாதது. எழுதிப் பார்க்கும்போதே விடை தோன்றிவிடுவதும் உண்டு.

மூன்றாம் நாள் மாலை கட்டுமானம் முடிந்தது. வழுநீக்கியைப் பலகையோடு கம்பி வழியாக இணைத்து, வகுத்தல் நிகழும் வரியில் நிரலை நிறுத்தினாள். அளவுகளின் எண்ணிக்கையைக் காட்டுமாறு கேட்டாள். விடை சுழி. அளவே எடுக்கப்படவில்லை! உணரியின் கம்பி ஒன்று கழன்றிருந்தது. சுழியால் வகுத்தல் கணக்கியலில் பொருளற்றது. சில செயலிகள் அவ்வாறு வகுக்கப் புகுந்தால் நிரலை உடனே நிறுத்திவிடும். ரிஸ்க்-ஃபைவ் செயலியோ நிறுத்தாது. முழு எண் வகுத்தலில் சுழியால் வகுத்தால் விடையாகக் குறை ஒன்று தருமாறு அதன் இலக்கணம் வகுக்கப்பட்டுள்ளது. கடற்கரையில் உறைபனி பெய்வித்தது அவ்விடையே. ‘எண்ணிக்கை சுழியாயின் வகுக்காதே, உணரி பழுது என்று அறிவி’ என்று இரண்டு வரிகளைச் சேர்த்தாள், கம்பியையும் பொருத்தினாள்.

வெப்பமானியின் பிழை நகைப்போடு போயிற்று. அதே பிழை நோயாளியின் உடல்நிலையை அளக்கும் கருவியில் இருந்தால் அது நகைப்பாகுமா? கப்பலுக்கு வழி காட்டும் கருவியில் இருந்தால்? இன்று நம் உயிரும் பொருளும் நிரல்களை நம்பி உள்ளன. அந்நிரல்களின் உள்ளே நிகழ்வதைக் காணும் ஆற்றல் சிலர்க்கு மட்டுமே உரியதாக இருத்தல் நன்றன்று.

புதுச்சேரி மக்கள் இதனை நன்கு அறிவர். பிரெஞ்சு ஆட்சி 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறையில் நீங்கியது; 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியும் நீங்கியது. எனினும் முன்னோர் வைத்துச் சென்ற பழைய பத்திரங்கள் சில பிரெஞ்சு மொழியில் உள்ளன. வீடு தம்முடையது, பத்திரமும் தம் பெட்டியில் உள்ளது, ஆயினும் அதில் எழுதியிருப்பதை அறியப் பிறர் வாயை நோக்க வேண்டும். மூலநிரல் திறந்து கிடந்தும் அதனைக் கட்டவும் படிக்கவும் அறியாதவர் நிலையும் அத்தகையதே. உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பயன்கொள்ளும் அறிவும் வேண்டும்.

அவ்வறிவு பிறவியில் வருவதன்று. பிழைச் செய்தியைக் கண்டதும் முகம் திருப்பாமல், அதனை ஒருமுறை முழுதும் படிப்பதில் அது தொடங்குகிறது. நிரல்பெயர்ப்பி தரும் பிழைச் செய்தி நம்மைப் பழிக்கும் சொல் அன்று. ‘இவ்விடம் எனக்கு விளங்கவில்லை’ என்று நேர்மையுள்ள துபாஷி கூறும் மொழியே அது. அதனைக் கேட்டு, முதற் பிழையை நாடி, ஒரு நேரத்தில் ஒன்றைத் திருத்தி, செய்ததை எழுதி வைப்போர்க்குப் பிழை பகையாகாது, ஆசானாக அமையும்.